இரண்டு சம்பளத்துக்கு நடுவே

வீட்டில் ஒருவர் வேலை மாறப் போகிறார் என்றால் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி, "சம்பளம் எவ்வளவு கூட?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் இரண்டு உண்டு. பழைய இடத்துக் கடைசிச் சம்பளத்துக்கும் புதிய இடத்து முதற் சம்பளத்துக்கும் இடையில் எத்தனை நாள்? அந்த நாட்களில் எந்தக் கடன் பொறுத்திருக்கும், எது பொறுக்காது? வீட்டுச் செலவைக் கொண்டு நடத்துபவர்கள் பெரும்பாலும் பெண்களாகிய நாங்களே என்பதால் இவற்றை நாங்கள்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுக் கணக்கையே உதாரணமாகச் சொல்கிறேன். என் கணவர் வவுனியாவில் ஒரு மொத்த விற்பனை நிலையத்தில் பதினொரு வருடங்கள் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தார். 2023 மார்ச் முடிவில் அங்கிருந்து விலகி, புதுவருடம் கழிந்து ஏப்ரல் 17ஆந் திகதி கிளிநொச்சியில் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தார். 48,000 ரூபா சம்பளம் 62,000 ஆனது. ஆனால் பழைய இடத்தில் மாத முடிவிலேயே சம்பளம். புதிய இடத்தில் அடுத்த மாதம் 10ஆந் திகதிதான். மே 10இல் வந்தது ஏப்ரலின் பாதி நாட்களுக்குரிய காசு மட்டுமே. முழுச் சம்பளத்தை ஜூன் 10இல்தான் கண்டோம். ஆக எழுபது நாட்களுக்குக் கைக்கு வந்தது கடைசிச் சம்பளமும் ஓர் அரைச் சம்பளமும், நான் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்ததில் நாளுக்கு மிஞ்சிய 500 ரூபாவும்.

கடனோ நாலரை இலட்சம். 2022ஆம் ஆண்டு விலைவாசி எப்படி ஏறியது என்பதை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தைத் தொடும் நிலையில் இருந்தது. அந்தக் காலத்தில் கடன்படாத வீடுகள் எங்கள் ஒழுங்கையில் குறைவு.

மகளின் பழைய பள்ளிக் கொப்பி ஒன்றில் எல்லாவற்றையும் எழுதினேன். யாருக்கு, எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை வீதம் வட்டி, கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று நான்கு பத்தி. பலரும் முதல் இரண்டு பத்தியோடு நிறுத்திவிடுவார்கள். விஷயம் இருப்பது கடைசி இரண்டிலும்தான்.

தாலிக்கொடி வங்கி அடகில் 145,000, காப்பு 35,000, இரண்டுக்கும் வருடத்துக்கு 24 வீதம். மோட்டார் சைக்கிள் லீசிங் மாதம் 9,800 வீதம் இன்னும் 14 மாதம். குழுக் கடனில் வாரம் 2,000 வீதம் 18 வாரம். மச்சாளிடம் வட்டியில்லாமல் 50,000. கடைக் கொப்பியில் 9,000. தனியாரிடம் கைமாற்று 40,000. இதற்கு நூற்றுக்குப் பத்து மாத வட்டி.

"நூற்றுக்குப் பத்து" என்பது காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கும். அது மாதத்துக்கு. வருடத்துக்கு 120 வீதம். 40,000 ரூபாவுக்கு வருடத்தில் 48,000 வட்டி. 145,000 ரூபா வாங்கிய தாலிக்கொடிக்கோ வருட வட்டி 34,800தான். தொகையைப் பார்த்தால் கொடி பெரிய கடன். தின்னுவதைப் பார்த்தால் கைமாற்றுத்தான் பெரியது.

குழுக் கடனிலும் இப்படியொரு மறைவு உண்டு. 80,000 வாங்கினால் 48 வாரத்தில் 96,000 கட்ட வேண்டும், "இருபது வீதந்தான் அக்கா" என்றார் காசு சேர்க்க வரும் தம்பி. ஆனால் முதல் வாரத்திலிருந்தே முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறோம். முப்பதாவது வாரத்தில் எங்கள் கையில் அவர்களுடைய 80,000 இல்லை. வட்டி மட்டும் முழு 80,000க்கும் போட்டபடியே நிற்கும். குறைந்து வரும் நிலுவைக்குக் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு ஏறத்தாழ 40 வீதம். எந்தக் கடனுக்கும் கையெழுத்திடுமுன், வட்டி முழுத் தொகைக்கா, குறையும் மீதிக்கா என்று கேட்டேயாக வேண்டும். முன்கூட்டிக் கட்டி முடித்தால் வட்டி குறையுமா என்றும் கேளுங்கள். எங்களுக்குக் குறையாது என்றார்கள். அதனால் அதை முந்திக் கட்டுவதில் பயனிருக்கவில்லை. ஆனால் ஒரு வாரமும் தவறவிட முடியாது, நான் கட்டாவிட்டால் எனக்காகக் கையெழுத்திட்ட நான்கு பெண்களும் தங்கள் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசிலிருந்து கட்ட வேண்டி வரும்.

ஆகவே அந்த எழுபது நாளும் குழுக் கடன், லீசிங், கைமாற்று வட்டி மூன்றையும் தவறாமல் கட்டினோம். இவற்றுக்கே 47,600 போனது. எஞ்சியதில் நாளொன்றுக்கு 800 ரூபாவளவில் ஐந்து பேரின் சீவியம் நடந்தது. மச்சாளிடம் நேரிலே போய், ஆடி மாதம் வரை பொறுக்கச் சொல்லித் திகதி குறித்துக் கொடுத்தேன். கடைக்கார ஐயாவிடமும் அப்படியே. பதுங்கித் திரிபவரை நம்பாத கடைக்காரர்கூட, திகதி சொல்லிக் கேட்பவருக்குச் சீனியும் மாவும் தருவார். கடைக் கணக்கு 21,000 வரை ஏறியது.

இனி வேலை விட்டவருக்குச் சட்டப்படி வர வேண்டிய காசு. ஊழியர் சேமலாப நிதியத்துக்கு எங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் போகின்றன. வேலை மாறுவதற்காக மட்டும் அதை எடுக்க முடியாது. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலுமே பொதுவாகக் கிடைக்கும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் வேறு. அதற்கு முதலாளி மட்டும் 3 வீதம் கட்டுகிறார், வேலை மாறும்போது அதைக் கேட்டுப் பெறலாம். ஒருமுறை எடுத்தால் அடுத்த முறைக்கு ஐந்து வருடம் செல்ல வேண்டும்.

மூன்றாவது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம் உண்டு. கணக்கிடுவது கடைசியாகப் பெற்ற சம்பளத்தை வைத்து. விலகி 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேரும். எங்களுக்கு 24,000 வீதம் பதினொரு வருடத்துக்கு 264,000 வர வேண்டும். "தானாக விலகியவருக்குப் பணிக்கொடை கிடையாது" என்றார்கள் அந்த நிலையத்தில். அது சரியல்ல, விலகினாலும் விலக்கினாலும் பணிக்கொடை உண்டு. தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் எழுத்தில் முறையிட்டோம். ஜூலைக் கடைசியில் காசு வந்தது.

அதற்கு முன், ஜூன் நடுவில் நம்பிக்கைப் பொறுப்பு நிதியப் பணம் 161,000 கைக்கு வந்தபோதுதான் வீட்டில் பெரிய பிரச்சினை. மாமி ஒரே பிடியாக நின்றார். "பிள்ளை, வெறும் மஞ்சள் கயிறோட எத்தினை நாளைக்குச் சபை சந்திக்குப் போவாய்? முதல்ல கொடியை எடு" என்றார். இவரும் அந்தப் பக்கந்தான். மாமி சொன்னதில் பிழையில்லை. எனக்கும் கோயிலில் சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டு நிற்பது சுகமாக இருக்கவில்லை. ஆனால் கொடி வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது, அடகுத் தவணைக்கு இன்னும் மாதங்கள் உண்டு. கைமாற்றுக்காரர் மாதம் 4,000 கொண்டு போகிறார். கொப்பியை மாமியின் மடியில் வைத்து, 48,000ஐயும் 34,800ஐயும் விரலால் காட்டினேன். அவர் சந்தையில் மரக்கறி விற்று ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர், வட்டிக் கணக்கு அவருக்குப் புதிதல்ல. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப காப்பையாவது எடு" என்றார்.

அப்படியே செய்தோம். கைமாற்று 40,000, கடை 21,000, குழுக் கடனின் மிச்ச எட்டு வாரத்துக்கு 16,000 தனியே. ஒரு மாதச் செலவாக 45,000 வேறு சேமிப்புக் கணக்கில். மிச்சத்தில் காப்பு வட்டியோடு வந்தது. பணிக்கொடை வந்ததும் வட்டியுட்பட ஏறத்தாழ 165,000 கட்டிக் கொடியை மீட்டோம். மச்சாளின் 50,000ஐயும் கொடுத்தோம். மிஞ்சிய 49,000ஐச் சேமிப்பில் போட்டோம். லீசிங் சம்பளத்திலேயே ஓடி 2024 மே மாதம் முடிந்தது.

கூடிய சம்பளம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். சேமலாபக் கழிவு போகக் கைக்குக் கூடியது 12,880. கிளிநொச்சி அறை வாடகையில் பங்கு, அங்கத்தைச் சாப்பாடு, கிழமைக்கொருமுறை வந்து போகும் பஸ் காசு எல்லாம் போக மூவாயிரம்கூட மிஞ்சவில்லை. இதையும் விலகுமுன்பே கொப்பியில் போட்டுப் பார்த்திருந்தோம். பழைய இடத்தில் வியாபாரம் சுருங்கி ஆட்களைக் குறைத்துக்கொண்டு வந்ததால்தான் மாறியது.

உங்கள் வீட்டில் யாராவது வேலை விடுவதாயின், வாசலைத் தாண்டுமுன் சேவைச் சான்றிதழ், நியமனக் கடிதத்தின் பிரதி, கடைசி மாதங்களின் சம்பளச் சிட்டை, இரு நிதியங்களினதும் அங்கத்துவ இலக்கம் ஆகியவற்றை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். தொழில் அலுவலகத்தில் எங்களிடம் முதலில் கேட்டது சம்பளச் சிட்டையைத்தான். அரிசி வாளிக்குள் நான் போட்டு வைத்திருந்த பதினொரு வருடச் சிட்டைகளும் அன்றைக்கு மேசைக்கு வந்தன.