இரண்டு வேலை, ஒரே கவனம்

ஒரு தாளில் 1 முதல் 12 வரை எழுதுங்கள். அடுத்த வரியில் அ முதல் ஔ வரை எழுதுங்கள். எவ்வளவு நேரமாயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே இருபத்துநான்கையும் 1, அ, 2, ஆ என்று மாற்றி மாற்றி எழுதிப் பாருங்கள். எழுதுவதில் ஒன்றும் கூடவில்லை. ஆனாலும் நேரம் கூடும், பாதியில் பேனா தயங்கும். ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து போடுவதைவிட இருவகைக் கணக்குகளை மாற்றி மாற்றிப் போட அதிக நேரம் பிடிக்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜெர்சில்ட் 1927-லேயே காட்டினார். ஒவ்வொரு தாவலிலும் மூளை பழைய வேலையின் விதிகளை ஒதுக்கிவிட்டுப் புதிய வேலையின் விதிகளை எடுத்தாக வேண்டும். விதிகள் சிக்கலாக ஆக, இழப்பும் கூடுகிறது என்று 2001-ல் ரூபின்ஸ்டைன், மேயர், இவான்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கண்டறிந்தனர். 'மல்ட்டிடாஸ்கிங்' என்று நாம் மெச்சிக்கொள்வது பெரும்பாலும் இந்தத் தாவலைத்தான்.

பாட்டுக் கேட்டபடியே சமைக்கிறோமே என்று கேட்கலாம். கை தானாகச் செய்யப் பழகிய வேலைக்குக் கவனம் அதிகம் தேவையில்லை. அங்கே இரண்டும் நடக்கும். சில சமயம் நன்மையும் உண்டு: சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தியைக் கேட்டபடி தாளில் வடிவங்களை நிழலிட்டவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவுகூர்ந்ததை உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் 2009-ல் பதிவு செய்தார். 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில், ஒரே அமர்வில் நூறு விஷயங்களைக் கவனித்து விடைசொல்லும் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலரையும் சிலர் சான்று காட்டுவார்கள். ஆனால் அவதானத்தில் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன; ஒவ்வொன்றையும் மனத்தில் நிறுத்தி உரிய நேரத்தில் எடுப்பது நீண்ட பயிற்சியில் விளைந்த நினைவாற்றல். கவனம் கோரும் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் தடுமாறாமல் செய்யக்கூடியவர்கள் மிகக் குறைவு. யூட்டா பல்கலைக்கழகத்தில் வாட்சனும் ஸ்ட்ரேயரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டுவதோடு மனக்கணக்கும் நினைவுச் சோதனையும் சேர்ந்தபோது தடுமாறாதவர்கள் 200 பேரில் 2.5 சதவீதமே.

இடையூறு வந்தால் வேகம் கூடுகிறதே என்ற வாதத்திலும் ஓரளவு உண்மை இருக்கிறது. குறுக்கீடுகளுக்கு ஆளானவர்கள் வேலையைச் சற்று விரைவாகவே முடித்ததை ஆய்வாளர் குளோரியா மார்க்கின் குழு 2008-ல் கண்டது. ஆனால் அந்த வேகத்துக்கு அவர்கள் கொடுத்த விலை மன அழுத்தமும் எரிச்சலும். ஆகவே துணி மடிக்கும்போது வானொலி ஒலிக்கட்டும். வாகனம் ஓட்டும்போது பேச்சு வேண்டாம். கைபேசியைக் கையில் பிடிக்காமல் பேசினாலும் ஓட்டுநரின் எதிர்வினை தாமதமாகிறது. கணக்கு எழுதும் ஊழியரிடமும் படிக்கும் பிள்ளையிடமும் எல்லாவற்றுக்கும் உடனடிப் பதிலை எதிர்பார்த்துக்கொண்டே பிழையற்ற வேலையையும் கேட்பது நியாயமாகாது. தினமும் ஒரு மணி நேரமாவது அவர்களைக் குறுக்கீடின்றி விடுவது மேலாளர், பெற்றோர் இருவரின் பொறுப்பு.