உங்களுக்குத் தெரியுமா? செங்கல் சுவரையும் தாண்டும் பூஞ்சை

பிரிட்டனில் பழைய வீட்டைப் புதுப்பிக்கத் தரைப்பலகையைப் பெயர்ப்பவர்கள் மிகவும் அஞ்சுவது செர்புலா லாக்ரிமன்ஸ் என்ற பூஞ்சைக்குத்தான். ஈரம் ஊறிய மரத்தில் பிடித்து, செங்கல், காரை இடுக்குகள் வழியே இழைகளைச் செலுத்தி, அடுத்த அறையின் மரத்தையும் அது எட்டிவிடும். பாதித்த மரம் பழுப்பேறிக் கட்டம் கட்டமாக வெடிக்கும். தரையில் படியும் செம்பழுப்புத் தூள், பூஞ்சையின் வித்துத்தூள்.

சந்தேகம் வந்தால் திருப்புளி முனையால் மரத்தைக் குத்திப் பார்க்கலாம். சிரமமின்றி இறங்கினால் உள்ளே இற்றிருக்கிறது. ஆனால் மருந்தடிக்கும் முன் ஈரம் சேரும் காரணத்தைத் தேட வேண்டும்: உடைந்த மழைநீர்க் குழாய், வெளியே மண் மூடிய காற்றுத்துளை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை புதிதாகப் பிடிக்காது. ஈரத்தைத் தடுப்பதை விட்டுவிட்டு நல்ல மரத்தையும் சேர்த்து அறுத்தெறிவது பழைய வீட்டுக்குச் செய்யும் அநியாயம்.

இமயமலைக் காடுகளில் இப்பூஞ்சை இயற்கையாகவே வளர்கிறது. 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளுமைதான் அதற்கு ஏற்றது, வெப்பம் ஆகாது. டென்மார்க்கில் சுவரையே சூடேற்றி இதைக் கொல்லும் முறை உண்டு.