அடையாள அட்டை நாடா: தறியிலிருந்து கழுத்து வரை

அடையாள அட்டைக்கு ஆர்டர் கொடுக்கும்போது பெயர், இரத்தப் பிரிவு, பெற்றோரின் கைபேசி எண் ஆகியவற்றை இரண்டு முறை சரிபார்க்கிறோம். அட்டையைத் தாங்கும் நாடாவைப் பற்றி நிறத்தைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. நாள் முழுவதும் குழந்தையின் கழுத்தில் கிடப்பதோ அந்த நாடாதான்.

'டேக்' என்று நாம் சொல்லும் இந்த நாடா பெரும்பாலும் பாலியஸ்டர் இழையால் ஆனது. குறுகிய நாடாத் தறிகளில் 12, 16, 20 மில்லிமீட்டர் போன்ற அகலங்களில் நெய்து, சுருள்களாக அச்சுக்கு அனுப்புகிறார்கள்.

பள்ளியின் பெயரை இரண்டு முறைகளில் அச்சிடலாம். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் மை நாடாவின் மேற்பரப்பில் படிகிறது. நாளடைவில் மடிப்புகளில் உதிரும். மற்றொரு முறையில், படத்தை முதலில் தாளில் அச்சிடுகிறார்கள். தாளையும் நாடாவையும் ஒன்றாகச் சேர்த்துச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அழுத்துகிறார்கள். தாளிலுள்ள சாயம் திரவமாகாமல் நேரே ஆவியாகி இழைக்குள் புகுந்துவிடுகிறது. கற்பூரத்தைக் காட்டி வகுப்பில் நாம் விளக்கும் பதங்கமாதல்தான் இது. இவ்வகைச் சாயம் பருத்தியில் நிலைக்காது, பாலியஸ்டரில் நிலைக்கும்.

அடுத்து, நாடாவைச் சூடான கத்தியால் துண்டுபோடுகிறார்கள். வெட்டிய விளிம்பு உருகி ஒட்டிக்கொள்வதால் நூல் பிரிவதில்லை. இரு முனைகளையும் சேர்த்து உலோகப் பட்டையால் இறுக்கி, அல்லது தைத்து, கொக்கியை மாட்டினால் நாடா தயார்.

நாரணாபுரம் போன்ற ஊர்களில் இதே பாடத்தை இன்னும் ஒரு படி கொண்டுசெல்லலாம். பட்டாசு ஆலை வேலைக்குப் பருத்தி உடையே ஏற்றது. செயற்கை இழை உராயும்போது நிலைமின்னூட்டம் சேரும். அதன் சிறு பொறியும் மருந்தைப் பற்றவைக்கக்கூடும். தலைமுடியில் தேய்த்த பிளாஸ்டிக் அளவுகோல் காகிதத் துணுக்குகளை ஈர்ப்பதைக் காட்டிவிட்டு, "வேலைக்கு ஏன் பருத்தி உடை?" என்று கேளுங்கள். வீட்டில் பார்த்ததற்குக் காரணம் பிள்ளைகளே சொல்வார்கள்.

இனி முக்கியமான செய்தி. மாலுமிகள் கத்தி, ஊதல் போன்றவை கடலில் விழாதிருக்கக் கயிற்றில் கட்டி அணிந்தார்கள். தேசிய மாணவர் படை, சாரணர் சீருடைகளில் நாம் காணும் கயிறும் அந்த வழியில் வந்ததே. அறுந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். குழந்தையின் கழுத்தில் தொங்கும் நாடாவுக்குத் தேவையோ இதற்கு நேர்மாறானது. சறுக்குமரத்திலோ பேருந்துக் கதவிலோ சிக்கினால் அது உடனே விடுபட வேண்டும். நெய்த பாலியஸ்டர் எளிதில் அறுவதில்லை, கழுத்துத்தான் இறுகும்.

இதற்காகவே பிடரிப் பக்கம் வைக்கும் பாதுகாப்பு பிளாஸ்டிக் பூட்டு இருக்கிறது. பலமாக இழுத்தால் இரண்டாகப் பிரியும். மீண்டும் அழுத்தினால் பொருந்தும். ஆர்டர் கொடுக்கும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வந்த நாடாக்களை மாணவர்களிடம் கொடுக்குமுன் ஒவ்வொன்றையும் கையால் இழுத்து, பூட்டு பிரிகிறதா என்று பாருங்கள். நாடா அறுந்தால் முடிச்சுப் போட்டு அணியவிடாமல் மாற்றிக் கொடுங்கள். பூட்டு இருந்தாலும் விளையாட்டு நேரத்திலும் ஆய்வகத்தில் சுடர் அருகிலும் அட்டையைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். சிறு வகுப்புகளுக்கு, சட்டைப் பையில் கிளிப்பால் மாட்டும் அட்டையே போதும்.