வீராணம் ஏரிப் பகுதியில் கோடை: வானிலைக் கணிப்பை எப்படிப் பயன்படுத்துவது?

சம்பா அறுவடை முடிந்து, வைக்கோல் போரும் போட்டாகிவிட்டது. காட்டுமன்னார்கோவில், லால்பேட்டை, சேத்தியாத்தோப்பு வட்டாரங்களில் விவசாயிகளிடையே இப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஏரியில் தண்ணீர் கிடக்கிறதே, கோடையில் ஒரு போகம் எடுக்கலாமா?" இதற்கு விடை சொல்வதற்கு முன்னால், வரும் மூன்று மாதங்களில் வெயிலும் காற்றும் மழையும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீராணத்தின் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. பாசனப் பரப்பு சுமார் 44,856 ஏக்கர். கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் வருகிறது. முழு மட்டம் 47.50 அடி என்று செய்தித்தாளில் படிக்கும் சிலர், ஏரி அவ்வளவு ஆழம் என்று எண்ணிவிடுகிறார்கள். அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் அளவு. உண்மையில் வீராணம் ஆழம் குறைந்த, அகன்று பரந்த ஏரி. கோடையில் இதுவே அதன் பலவீனம். ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பில் 1 மில்லிமீட்டர் நீர் ஆவியானால் 4,000 லிட்டருக்கு மேல் போய்விடும். சித்திரை வெயிலில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்குச் சுமார் 24,000 லிட்டர். மதகைத் திறக்காமலே ஏரி வற்றுவது இப்படித்தான். இதற்கு மேல், 2004-ஆம் ஆண்டு முதல் சென்னை நகரின் குடிநீருக்கும் இங்கிருந்து நீர் போகிறது. ஆகவே மாசி மாதத்தில் ஏரியில் தெரியும் நீரை நம்பிக் கோடை நெல் நடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. சொந்தக் கிணறோ ஆழ்குழாய்க் கிணறோ உள்ளவர்கள் மட்டுமே அதைப்பற்றி யோசிக்கலாம். அவர்களும் கிணற்று நீர் உவர்ப்பா என்று பரிசோதித்துக்கொள்வது நல்லது. கிழக்கே கடலை நோக்கிப் போகப்போக உவர்ப்பு கூடும்.

இந்திய வானிலைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி இறுதியிலோ மார்ச் முதல் நாளையொட்டியோ மார்ச் முதல் மே வரையிலான கோடைக்கு ஒரு கணிப்பை வெளியிடுகிறது. அதில் "இயல்பைவிட அதிக வெப்பத்துக்கு வாய்ப்பு" என்றிருந்தால் பலரும் அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்கிறார்கள். இயல்புக்குக் குறைவு, இயல்பு, இயல்புக்கு அதிகம் என மூன்று பிரிவுகள். ஒன்றும் தெரியாத நிலையில் ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 33. கணிப்பில் "அதிகம்" என்பதற்கு 45 போட்டிருந்தால், அத்தகைய 20 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் வெப்பம் மிகும், 11 ஆண்டுகள் மிகாது என்பதே பொருள். எனவே, மழை கூடுதலாக வரும் என்ற கணிப்பைப் பார்த்துக் கடன் வாங்கிப் பயிர் வைக்கக் கூடாது. வெப்பம் கூடும் என்ற கணிப்பைப் பார்த்துத் தண்ணீரைச் சிக்கனப்படுத்துவதில் மட்டும் எந்த நட்டமும் இல்லை.

எல் நினோ என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது அச்சம் வந்துவிடுகிறது. 2015 எல் நினோ ஆண்டுதான். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை கடலூர் மாவட்டத்தை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அடுத்த ஆண்டு, 2016-இல், தமிழ்நாட்டில் அதே பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. அதற்கடுத்த 2017 கோடையில் நம் பகுதி பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. கோடையின் கடுமையில் பெரும்பகுதி முந்தைய ஐப்பசி, கார்த்திகையிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

ஏரி இருப்பதால் இங்கே வெயில் தணியும், கோடை மழை கூடும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கரையோரம் நிற்பவருக்குக் காற்று சற்றுக் குளிர்ந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு பரப்புள்ள ஏரி மழையை வரவழைக்காது. நம் வெப்பத்தைத் தணிப்பது கடற்காற்று. கிழக்கிலிருந்து அது நண்பகலையொட்டி வந்துவிட்டால் வெயில் ஏறாது. மே மாதத்தில் மேல்காற்று வலுத்தால் கடற்காற்று பிந்திப்போகும். சில நாள் வராமலே போகும். அன்றுதான் அனல் வீசும். காலை 11 மணிக்கு மேல்காற்று விடாமல் அடித்தால் அன்று வெப்பம் மிகும் என்று வைத்துக்கொள்ளலாம். கடலோரப் பகுதியில் வெப்பம் 37 டிகிரி செல்சியசைத் தாண்டி, இயல்பைவிட 4.5 டிகிரியாவது மிகுந்திருந்தால் அது வெப்ப அலை.

நெல்லுக்கு ஆபத்து பூக்கும் சமயத்தில். காலை 9 முதல் 11 மணிக்குள் பூ விரியும்போது 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். காற்றில் ஈரம் மிகுந்த இடத்தில் கதிரின் சூடு தணிவதில்லை. ஏரியோரத்தில் இது கவனிக்க வேண்டிய ஒன்று. பங்குனி, சித்திரையில் பூக்கும் நெல்லுக்கு அந்தப் பத்து நாளும் வயலில் நீர் நிற்க வேண்டும்.

நெல் தரிசில் உளுந்து விதைத்தவர்கள்தாம் இப்போது நல்ல நிலையில் இருப்பவர்கள். களிமண்ணில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே பயிர் வந்துவிடுகிறது. பூக்கும் தருணத்திலும் அதன்பின் 15 நாள் கழித்தும் 2 விழுக்காடு டி.ஏ.பி. கரைசல் தெளிக்கவேண்டும். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை 10 லிட்டர் நீரில் முதல்நாள் ஊறவைத்து, தெளிந்த நீரை வடிகட்டி, 200 லிட்டராக்கி மாலை வேளையில் தெளிக்கலாம். நடுப்பகலில் தெளித்தால் இலை கருகும். காய்கள் முற்றியபின் நாள் கடத்தக் கூடாது. முன்னறிவிப்பில் மழை என்றால் பிடுங்கிய செடியைக் களத்து மேட்டில் தார்ப்பாயின் கீழ் வைக்கவேண்டும். நனைந்த உளுந்து நிறம் மங்கி, விலையில் அடிபடும்.

எள் வைப்பவர்கள் வடிகால் எடுத்தபிறகே விதைக்கவேண்டும். வறட்சியைத் தாங்கும் எள், ஓரிரு நாள் தேங்கிய நீரைத் தாங்காது. 2024 கோடையில் ஏப்ரலும் மே முதல் வாரமும் வாட்டி எடுத்தன. மே பிற்பாதியிலோ பல மாவட்டங்களில் நல்ல மழை. ஒரே கோடையில் இரண்டும் வரும். 2016 மே நடுவில் ரோனு புயலாக மாறிய தாழ்வுநிலை கடலோரத்தை ஒட்டிச் சென்று மழை தந்ததும் நினைவிருக்கலாம். தரிசில் பருத்தி போட்டவர்கள், வெடித்த காய்களை அவ்வப்போது பறித்துவிடுவது இதற்காகவே.

பயிர் ஏதும் வைக்காத வயல் வீணல்ல. முதல் கோடை மழை கிடைத்ததும் உழுதுவிட்டால் வெடிப்புகள் மூடும். கூட்டுப்புழுக்களும் கோரைக் கிழங்குகளும் மேலே வந்து காயும். அடுத்த மழையில் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தருணத்தில், ஏறத்தாழ 45 நாளில், மடக்கி உழலாம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும் என்றாலும், 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-இல் ஜூலை இறுதிவரை திறக்கவில்லை. குறுவை தள்ளிப்போனாலும் தழை உரம் சம்பாவுக்கு ஆகும்.

கோடை இடி மழையில் ஆண்டுதோறும் ஆட்களும் மாடுகளும் மடிகிறார்கள். இடி கேட்டதும் மரத்தடியில் ஒதுங்காமல், வரப்பில் நிற்காமல், மாடுகளை அவிழ்த்துக்கொண்டு கட்டடத்துக்குள் போய்விடவேண்டும். ஏரியில் இறங்கியிருப்பவர்கள் உடனே கரையேறவேண்டும்.

மூன்று மாதக் கணிப்பைவிட, செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிவிக்கையே அன்றாட வேலைக்கு உதவும். அடுத்த ஐந்து நாளைய மழை, வெப்பம், காற்று அதில் இருக்கும். கைபேசியில் 'மேகதூத்' செயலியிலும் பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழைக்கான முதல் கணிப்பு ஏப்ரல் நடுவிலும், திருத்திய கணிப்பு மே இறுதியிலும் வரும். குறுவை விதை வாங்குவதை மே இறுதிக் கணிப்போடு மேட்டூர் நீர்மட்டத்தையும் பார்த்தபின் வைத்துக்கொள்ளலாம்.