குழாய் வராத ஊருக்கு எரிவாயு வரும் வழி

உங்கள் ஊரில் பசுவுக்குச் சினை ஊசி போட வருபவர் கொண்டுவரும் கலனைப் பார்த்திருப்பீர்கள். மூடியைத் திறந்தவுடன் வெண்புகை எழும்பும். உள்ளே திரவ நைட்ரஜன் இருக்கிறது. பூஜ்யத்திற்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ் குளிரில் உறைவிந்துக் குச்சிகள் அதில் மூழ்கிக் கிடக்கின்றன. இந்தக் குளிரைக் காப்பதற்கு மின்சாரமோ பனிக்கட்டியோ தேவையில்லை. கலனுக்கு இரட்டைச் சுவர். இரண்டு சுவர்களுக்கும் நடுவே காற்றை அகற்றி வெற்றிடமாக்கியிருக்கிறார்கள். வெளிச்சூடு உள்ளே புக வழி மிகக் குறைவு. ஆனாலும் நாளுக்குச் சிறிதளவாகத் திரவம் ஆவியாகிக் குறைந்துகொண்டே வரும். காலத்தில் நிரப்பாவிட்டால் விந்து வீணாகும்.

இந்தக் கலனை ஒரு லாரி அளவுக்குப் பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள். குழாய் போகாத ஊர்களுக்கு இயற்கை எரிவாயுவைக் கொண்டுபோகும் டேங்கர் லாரி அத்தகையதுதான். அதன் உள் தொட்டி துருப்பிடிக்காத எஃகினால் ஆனது. வெளித் தொட்டிக்கும் அதற்கும் இடையே வெப்பம் கடத்தாத பொருளை நிரப்பிக் காற்றை உறிஞ்சியிருப்பார்கள்.

இயற்கை எரிவாயு என்பது நமக்குப் புதிய பொருள் அல்ல. சாண எரிவாயுக் கலனில் எரியும் பகுதி எதுவோ, அதே மீத்தேன்தான் இதிலும் பெரும்பகுதி. சாண எரிவாயுவில் கரியமில வாயு கலந்திருப்பதால் வேகம் சற்றுக் குறைவு. இதில் அந்தக் கலப்பு மிகக் குறைவு. இந்த வாயுவைப் பூஜ்யத்திற்குக் கீழே 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் நீர் போன்ற திரவமாகிவிடும். அப்போது அது அடைக்கும் இடம் ஏறத்தாழ 600-ல் ஒரு பங்காகச் சுருங்கும். 600 மூட்டை பஞ்சை ஒரே மூட்டையாக அழுத்திக் கட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வரும் எரிவாயு இப்படித்தான் வருகிறது. நமக்கு அருகில் இதனை இறக்கும் துறைகள் இரண்டு. கொச்சியில் புதுவைப்பு முனையம் 2013-லும், சென்னைக்கு வடக்கே எண்ணூர் முனையம் 2019-லும் இயங்கத் தொடங்கின. இரண்டும் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன் கொண்டவை.

தென் மாவட்டங்களுக்குக் குழாய் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை 143 கி.மீ. நீளக் குழாய் 2021 பிப்ரவரி 17-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இராமநாதபுரத்து எரிவாயுக் கிணறுகளின் வாயு அதன் வழியே தூத்துக்குடி உர ஆலைக்குப் போகிறது. முன்பு நாப்தாவிலிருந்து யூரியா செய்த ஆலை, அதன் பிறகு எரிவாயுவுக்கு மாறியது. நீங்கள் பருத்திக்கோ மக்காச்சோளத்திற்கோ மேலுரமாக இடும் யூரியாவில் அந்த வாயுவின் பங்கும் இருக்கலாம். ஆனால் தூத்துக்குடியிலிருந்து கோவில்பட்டி வழியாகச் சங்கரன்கோவில் ஏறத்தாழ 100 கி.மீ. தூரம். அவ்வளவு தூரம் ஒரு கிளைக் குழாயை இழுக்க வேண்டுமானால் அதற்குத் தக்க விற்பனை வேண்டும்.

குழாய் என்றால் நிலமும் வேண்டும். இதைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி உங்கள் நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். பயன்பாட்டு உரிமை மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். அதற்கு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதமும், பயிருக்கும் மரத்திற்கும் ஏற்பட்ட சேதத்திற்கு இழப்பீடும் தருவார்கள். குழாய் பதித்த பட்டையில் பயிர் செய்யலாம். வீடு கட்டவும், கிணறு வெட்டவும், மரம் நடவும் கூடாது. எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவருக்கு இந்தக் கடைசி நிபந்தனையின் பாரம் தெரியும். கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும் குழாய்க்காகக் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்ட உழவர்கள் 2013-ல் போராடியது இதனால்தான். நெடுஞ்சாலை ஓரமாகப் பதிக்கட்டும் என்று மாநில அரசும் சொல்லிப் பார்த்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை.

லாரியில் வரும் வாயுவுக்கு உங்கள் வரப்பை வெட்ட வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே ஒரு நிலையத்தில் வெற்றிடத் தொட்டியில் திரவத்தை இறக்குவார்கள். அங்கே துடுப்புகள் வைத்த அலுமினியக் குழாய்கள் வரிசையாக நிற்கும். அதற்கு ஆவியாக்கி என்று பெயர். திரவம் அதனுள் ஓடும்போது நம் ஊர் வெயிலும் காற்றுமே அதைச் சூடாக்கி வாயுவாக்கிவிடும். அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. குழாய்களின் மேல் உறைபனி படிந்து வெள்ளையாக நிற்பதைக் காணலாம். அந்த வாயுவை ஆலைக்கோ, வீட்டுக் குழாய்களுக்கோ அனுப்பலாம், வாகனங்களுக்குச் சி.என்.ஜி.யாக உயர் அழுத்தத்திலும் நிரப்பலாம். கேரளத்தில் சேர்த்தலையிலும் திருவனந்தபுரத்திலும் இப்படிப்பட்ட நிலையங்களைக் குழாய் வருவதற்கு முன்பே அமைத்து, கொச்சியிலிருந்து லாரியில் திரவம் கொண்டுவந்து வழங்கினார்கள்.

இதற்கு மாற்றாக இன்னொரு முறையும் உண்டு. குழாய் உள்ள ஊரில் வாயுவை 200 மடங்குக்கு மேல் அழுத்தி, உருளைகளில் அடைத்துச் சிறு லாரியில் கொண்டுவருவது. 3,000 லிட்டர் கொள்ளளவு உருளைத் தொகுதியில் சுமார் அரை டன் வாயுதான் பிடிக்கும். திரவ டேங்கர் ஒன்றில் 17 டன் வரை வரும். அதாவது உருளை லாரி 34 நடை அடிப்பதை டேங்கர் ஒரே நடையில் முடிக்கும். 17 டன் என்பது வீட்டுச் சிலிண்டர் கணக்கில் ஏறத்தாழ 1,200 சிலிண்டர். தூரம் குறைவு, தேவையும் குறைவு என்றால் உருளை லாரியே போதும். தூரமும் தேவையும் கூடினால் டேங்கர்தான் கட்டும்.

இங்கேதான் சினை ஊசிக் கலனின் பாடம் வருகிறது. தொட்டியில் இறக்கிய திரவம் காத்திருக்காது. நாள்தோறும் சிறிது ஆவியாகும்; எடுக்க ஆளில்லாவிட்டால் தொட்டியில் அழுத்தம் ஏறும்; கடைசியில் காற்றில் திறந்துவிட நேரும். அது பண நட்டம். மீத்தேன் பூமியைச் சூடாக்கும் வாயுவாகையால் ஊருக்கும் கேடு. ஆகவே அன்றாடம் தவறாமல் வாங்கும் ஓர் ஆலையோ, வரிசையாக வண்டிகள் வரும் பங்க்கோ இல்லாத இடத்தில் இந்த நிலையம் நிலைக்காது. வீட்டு இணைப்பு தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று யாரேனும் வந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: நிலையத்தில் இப்போது அன்றாடம் வாங்குபவர் யார்?

சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு மல்லிகை ஏற்றி ஓடும் சிறு வண்டிக்காரர்கள்தான் நம் வட்டாரத்தில் இதனால் முதலில் பயன் பெறக்கூடியவர்கள் என்று நினைக்கிறேன். ஒரு கிலோ சி.என்.ஜி., வெப்ப அளவில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சற்றுக் குறைவு. விலையை இந்தக் கணக்கில் ஒப்பிடுங்கள். உருளையின் எடையையும் கழித்துப் பாருங்கள். அந்த அளவுக்குச் சரக்கு குறையும். பம்ப் செட்டுக்கு இதை நாட வேண்டிய அவசியம் இல்லை. இலவச மின் இணைப்பு இருக்கையில் எந்த எரிவாயுவும் அதனோடு போட்டியிட முடியாது.

வீட்டுக்கு வந்தால், மீட்டரில் 17 அல்லது 18 கன மீட்டர் ஓடியதை ஒரு 14.2 கிலோ சிலிண்டருக்குச் சமமாகக் கொள்ளலாம். பழைய அடுப்பை அப்படியே இணைக்கக் கூடாது. பர்னரின் துளையை மாற்றித்தான் பொருத்த வேண்டும்.

இனி, இத்தகைய லாரி நம் ஊர்ச் சாலையில் கவிழ்ந்தால் என்ன செய்வது என்பது. 2025 ஜனவரி 3-ல் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில், கொச்சியிலிருந்து 18 டன் சமையல் எரிவாயு ஏற்றி வந்த டேங்கர் கவிழ்ந்து வாயு கசிந்தது. அருகிலிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அது சமையல் எரிவாயு. காற்றை விடக் கனமானது. பள்ளத்திலும் வாய்க்காலிலும் தங்கும். இயற்கை எரிவாயு காற்றை விட இலேசானது, மேலே போய்விடும். ஆனால் திரவமாகக் கொட்டும்போது உடனே மேலே போகாது. கடுங்குளிரில் இருக்கும்வரை அதன் ஆவியும் கனமாகத்தான் இருக்கும். வெண்மூட்டமாகத் தரையோடு ஊர்ந்து, சூடேறிய பின்னரே எழும்பும். அந்த மூட்டத்திற்குள் கால் வைக்காதீர்கள். வாசனையை நம்பாதீர்கள்: சிலிண்டரில் வரும் நாற்றம் கசிவை அறிவதற்காகச் சேர்க்கப்படுவது. திரவ நிலையில் அதைச் சேர்ப்பதில்லை. நிலையத்தில் வாயுவாக்கிய பின்னரே சேர்ப்பார்கள்.

காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக விலகிச் செல்லுங்கள். பீடி, வண்டிச் சாவி, பம்ப் செட் ஸ்டார்ட்டர் எதையும் தொடாதீர்கள். கொட்டிக் கிடக்கும் திரவத்தின் மேல் வாய்க்கால் தண்ணீரைத் திருப்பாதீர்கள். தண்ணீர் அதற்குச் சூடான பொருள், இன்னும் வேகமாக ஆவியாகும். உடம்பில் பட்டால் தீக்காயம் போன்ற புண் உண்டாகும். ஒட்டிய துணியைப் பிய்க்காமல் வெதுவெதுப்பான நீரால் நனைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 101 அல்லது 112-க்குப் பேசும்போது லாரியின் பின்புறப் பலகையில் உள்ள நான்கு இலக்க எண்ணைத் தூரத்திலிருந்தே படித்துச் சொல்லுங்கள். 1972 என்றிருந்தால் திரவ இயற்கை எரிவாயு, 1971 என்றால் உருளைகளில் அழுத்தியது, 1075 என்றால் சமையல் எரிவாயு. எந்த வாயு என்பது தெரிந்தால் தீயணைப்பு வீரர்கள் அதற்கேற்ற ஆயத்தத்தோடு வந்து சேருவார்கள்.