காவலர்க்கு உளநலப் பயிற்சி: செலவு எங்கே, பயன் எங்கே

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குடுமியான்மலையில், பாறைச் சுவரை நிறைத்து நிற்கிறது 7ஆம் நூற்றாண்டினதெனக் கருதப்படும் இசைக் கல்வெட்டு. உருத்திராச்சாரியாரின் மாணவனான அரசன் ஒருவன், கற்பவர் நலம் கருதிச் சுர அடைவுகளை வகுத்த செய்தியை அது தாங்கியுள்ளது. இன்று இதே ஊரில் வேளாண் அலுவலர்க்குப் பயிற்சி தரும் மாநில நிலையமும் வேளாண் கல்லூரியும் இயங்குகின்றன. பயிற்சிக்கு அரசு செலவிடுவது இவ்வூர் நெடுங்காலமாகக் கண்ட காட்சி. காவலர்க்கான உளநல நெருக்கடிப் பயிற்சியையும் அதற்கான நிதியையும் எண்ணிப் பார்க்கத் தலைநகரைவிட இதுவே தகுந்த இடம் என்பேன்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் காவல் நிலையத்தின்மீது பெரும்பொறுப்பைச் சுமத்தியுள்ளது. தம்மைப் பேணிக்கொள்ள இயலாத மனநோயர் எனக் கருதத் தக்கவர் எவரேனும் தம் எல்லைக்குள் அலைந்து திரிந்தால், நிலையப் பொறுப்பாளர் அவரைப் பாதுகாப்பில் ஏற்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். எந்நிலையிலும் லாக்கப்பில் அடைத்தல் ஆகாது. இவை 100ஆம் பிரிவின் விதிகள். காவலர் உள்ளிட்ட அரசுப் பணியாளர்க்குக் குறித்த கால இடைவெளியில் விழிப்புணர்வுப் பயிற்சி தர வேண்டுமென 30ஆம் பிரிவு அரசைப் பணிக்கிறது. கடமை காவலர்க்கு, பயிற்சிப் பொறுப்பு அரசுக்கு. எனினும் இரண்டும் ஒருங்கே நிலையத்தின் வாயிலை வந்தடைவதில்லை.

பயிற்சியின்மை என்ன செய்யும்? நாள்தோறும் மிகுதியாகக் குடிக்கும் ஒருவர், ஏதோ ஒரு வழக்கில் பிடிபட்டு இரண்டு நாளாகக் குடியின்றி இருக்கிறார் என்று கொள்வோம். மது மூளையின் தணிப்பு வேதிப்பொருளான காபாவின் செயலைக் கூட்டும். நெடுநாள் பழக்கத்தில் மூளை அதற்கு ஈடாகத் தன் கிளர்ச்சியை உயர்த்தி வைத்திருக்கும். மது நின்றதும் தணிப்பு அகன்று கிளர்ச்சி மட்டும் எஞ்சுகிறது. பெரும்பாலும் இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், காய்ச்சல் காணும். சுவரில் பூச்சிகள் ஊர்வதாகத் தோன்றும், இல்லாத ஆளோடு பேச்சு நடக்கும். "நடிக்கிறான்யா" என்று சொல்லி லத்தியை எடுப்பது எளிது. ஆனால் குடிநிறுத்தப் பிதற்றல் எனப்படும் இது உயிர்க்கொல்லி நிலை. பென்சோடயசபின் மருந்தும் தயமின் ஊசியும் தரும் மருத்துவமனையே இவருக்குரிய இடம்.

மனப்பிளவு நோயரின் நிலை வேறு. அவர் காதில் ஏற்கெனவே குரல்கள் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அதன்மேல் நால்வர் சூழ்ந்து நால்வகை ஆணைகளை உரக்கக் கூவினால், எந்தக் குரலுக்கு அவர் செவி கொடுப்பார்? சைரனை நிறுத்துவது, ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசுவது, எட்ட நிற்பது, காத்திருப்பது ஆகியவை அறிவியல் சார்ந்த உத்திகள்; இரக்கத்தால் மட்டும் எழுந்தவை அல்ல. திமிறுபவரைக் குப்புறக் கிடத்தி முதுகில் முழங்காலை ஊன்றினால் மார்புக்கூடு விரிய இடமின்றி மூச்சு முட்டும். அந்தத் திணறலில் அவர் மேலும் திமிறுவதை எதிர்ப்பென்று கொண்டு மேலும் அழுத்துவோரும் உண்டு.

இத்தகைய பயிற்சிக்கு உலகறிந்த முன்மாதிரி அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1988இல் உருவானது. கத்தியால் தன்னையே கீறிக்கொண்டிருந்த மனநோயர் ஒருவரை அதற்கு முந்தைய ஆண்டில் காவலர் சுட்டுக் கொன்றதே அதன் தோற்றுவாய். 40 மணி நேரப் பாடம், நடித்துப் பார்க்கும் பயிற்சி, நோயரை உடனே ஏற்கும் மருத்துவமனை என்னும் மூன்றும் அதில் பிணைந்திருந்தன. இதன் பயனைப் பலர் ஆராய்ந்துள்ளனர். காவலரின் அறிவும் மனப்போக்கும் மேம்படுவது திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. கைதும் வன்முறையும் குறைகின்றனவா என்பதில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. ஆய்வுகள் முழுச் சான்று தந்தபின் பணம் ஒதுக்குவோம் என்பார் சிலர். சட்டம் கடமையை விதித்துவிட்ட நாட்டில் அந்தக் காத்திருப்பு பொருந்தாது என்பது என் துணிபு. எவ்வகைப் பயிற்சி என்பதைத்தான் ஆய்வுகளைக் கொண்டு தேர வேண்டும்.

நாட்டின் காவல்துறைச் செலவில் பயிற்சிக்குப் போவது 100க்கு 1 என்ற அளவை ஒட்டியே உள்ளதென இந்திய நீதி அறிக்கை காட்டுகிறது. அந்தச் சிறுதொகையும் ஒருநாள் கூட்டம், குழுப்படம், சான்றிதழ் என்று கரைந்துபோகக் கூடாது. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் துணையோடு தமிழகக் காவல்துறை நடத்திய நலவாழ்வுத் திட்டம் காவலரின் சொந்த மன அழுத்தத்துக்கானது. அது தேவைதான், ஆயினும் அதைக் காட்டி இந்தச் செலவைத் தள்ளிப்போடலாகாது.

இங்குதான் வேளாண்மைத் துறையிடம் கற்க ஒன்றுண்டு. 1980களில் தமிழகத்தில் பரவிய பயிற்சி–பார்வையிடல் முறையில், களப்பணியாளர் இரு வாரத்துக்கு ஒருமுறை கூடினர். அடுத்த இரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கற்றனர். வயலில் சொல்லிப் பார்த்து, எழுந்த ஐயங்களோடு மீண்டும் வந்தனர். அம்முறைக்கும் குறைகள் இருந்தன, செலவும் மிகுந்தது. ஆயினும் சிறிதாக, அடிக்கடி, களத்தோடு இணைத்து என்னும் அதன் உயிர்நாடி காவலர்க்கு அப்படியே பொருந்தும். இரவுப் பணிக் காவலர்க்கும், மனுவைக் கையில் வாங்கும் நிலைய எழுத்தருக்கும் மாதம் இரண்டு மணி நேரம். ஒரு மாதம் குடிநிறுத்தப் பிதற்றல், மறுமாதம் தற்கொலை முயற்சி. மாவட்ட மனநலத் திட்டத்தின் உளமருத்துவர் பாடம் நடத்தலாம். நோயிலிருந்து மீண்ட ஒருவர் உடனிருந்து பேசினால் அதற்கு ஈடு வேறில்லை.

இதில் விரிவுரையாளர்க்கான ஊதியம் சிறுசெலவு. பயிற்சிக்குப் போனவரின் இடத்தில் நிற்கும் மாற்றாளே பெருஞ்செலவு. ஆள் குறைந்த ஊர்ப்புற நிலையத்தில் ஒருவரை விடுவித்தால் ரோந்து நின்றுவிடும். நிதிக் குறிப்பில் முதல் வரியாக இதை எழுதாத திட்டம் தாளில் மட்டுமே நிறைவேறும்.

நோயரை ஏற்கும் இடம் புதுக்கோட்டையில் ஏற்கெனவே அமைந்துள்ளது. வீடின்றித் திரியும் மனநோயர்க்கென அரசு சில மாவட்டங்களில் தொடங்கிய அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களில் ஒன்று அங்குண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. 14416 என்ற எண்ணில் தொலைபேசி வழி உளநல உதவி 2022 முதல் கிடைக்கிறது. குடுமியான்மலைக் கோயில் வாயிலில் ஒருவர் பல நாளாகப் பசித்துக் கிடப்பதாக நள்ளிரவில் தகவல் வந்தால், அந்த 20 கிலோமீட்டரைக் கடக்க வண்டியும் டீசலும் உடன்வர ஒரு பெண் காவலரும் வேண்டும். இவற்றுக்கான தொகை எந்தக் கணக்குத் தலைப்பில், காவல்துறையிலா நல்வாழ்வுத் துறையிலா, என்பதை முடிவு செய்துவிட்டே பாடத்திட்டத்தை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.