கார்த் தொழிலின் கடைமடை

கல்லணை திறந்ததும் எத்தனை கனஅடி என்று மறுநாள் பேப்பரில் வந்துவிடும். பேராவூரணிப் பக்கம் கடைமடை வாய்க்கால் நனைந்ததா என்பதை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். கார்த் தொழிலும் அப்படித்தான்.

ஒரகடத்தில் பிரேக் செட் கொண்டுவந்து இறக்குகிறவரைத் தொழிற்சாலைக்குத் தெரியும். அவருக்குக் கடைசல் வேலை செய்து தரும் அம்பத்தூர் லேத் பட்டறையை ஓரளவு தெரியலாம். அந்தப் பட்டறை பிளேட்டிங்குக்கு அனுப்புகிற, நாலு பேர் வேலை பார்க்கும் ஷெட்? பெயர்கூடத் தெரியாது.

அப்படிப் பெயர் தெரியாத இடம் ஒன்று நின்றுபோனால்தான் அது கண்ணில் படும். 2011 மார்ச்சில் ஜப்பானில் பூகம்பம். ஒனஹாமாவில் ஒரு ஆலை மூடியது. கார் பெயிண்டுக்கு மினுமினுப்புத் தரும் ஒரு நிறமி அங்கிருந்துதான் உலகத்துக்கே போய்க்கொண்டிருந்தது. சில கறுப்பு, சிவப்பு வண்ணக் கார்களுக்கு ஆர்டர் எடுப்பதையே நிறுத்தும்படி ஆனது. நம் பங்குக்கு 2015 டிசம்பர்: சென்னையில் அடையாற்று வெள்ளம் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளுக்குள் புகுந்து சிஎன்சி மெஷின்களை மூழ்கடித்தது. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டு, கடைசியில் எதற்குப் பயன்படுகிறது என்று சான்று கேட்டது. எந்தப் பாகத்துக்குள் எந்தக் காந்தம் என்ற தேடல் அப்புறம்தான் மும்முரமானது.

சப்ளையர்களின் எல்லா அடுக்கையும் கம்ப்யூட்டர் திரையில் காட்டிவிடலாம் என்கிறார்கள் சாஃப்ட்வேர்காரர்கள். ஜப்பானில் அப்படிப் பட்டியல் போட்டு வைத்தவர்களுக்குப் பலன் கிடைத்தது உண்மை. ஆனால் இங்கே பெயரை யார் வாய்விட்டுச் சொல்வார்? முதல் அடுக்குக்காரர் சொன்னால், பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் ஆள் பட்டறைக்கே நேராகப் போய் ரேட் பேசுவார். பட்டறைக்காரர் தன் செலவுக் கணக்கைக் காட்டினால், வருஷா வருஷம் விலையைக் குறைக்கச் சொல்லும் தொழிலில் அடுத்த வெட்டு அவருக்குத்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் பில். 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் வரவேண்டும். தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. கேட்கலாம். கேட்டு மனுப் போட்டவருக்கு அடுத்த ஆர்டர் வருமா? தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ ஐ.டி.ஐ. முடித்து இந்த ஷெட்டுகளில் நிற்கும் பையனின் சம்பளமும் அந்த பில்லை நம்பித்தான் இருக்கிறது.

சப்ளையர் படிவத்தில் எத்தனையோ விவரம் கேட்கட்டும். ஒவ்வொரு அடுக்கிலும் பணம் எத்தனை நாள் தங்கியது என்று ஒரு கட்டத்தையும் சேர்க்கட்டும். அந்தக் கட்டத்தை நிரப்பவாவது ஷெட்காரர் தானே முன்வந்து தன் பெயரை எழுதுவார்.